வாளுறையின் அடிப்பக்கம்

சுடலைச்செல்வி எனக்குப் பேத்தி முறை. என் பெரியம்மை மகன் சொரிமுத்துவின் இளைய மகள் பெற்ற பிள்ளை. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை. ஞாயிறு வந்தால் ஸ்கூட்டியில் ஏறி, பழைய ஆயுதம் இருக்கிற வீடாக விசாரித்துப் போய் வரைவாள். மணப்பாட்டில் ரோச் வீட்டு முத்துப் பதித்த பிச்சுவாவை வரைந்துவிட்டு, "இது ஒரு மீனைக்கூட வெட்டியிருக்காது தாத்தா. நாலு பேர் பாக்கச் செஞ்சது" என்றாள். அப்படிச் செய்தவற்றின் மேல்தான் அவளுக்கு ஆசை.

ஏரல் பக்கம் என் மச்சினன் மகன் பேச்சிராஜா வீட்டில் வெள்ளி உறை போட்ட வாள் உண்டு. ஊர்க் கோயில் கொடைவிழாவில் அவர்களுக்கு முதல் மரியாதை அதனால்தான். கொடைக்கு முன்னால் அதைக் கழுவுகிற நாளில் செல்வியைக் கூட்டிப் போனேன்.

வாளை உருவிப் பட்டில் சுற்றி வைத்துவிட்டு, உறையைச் சீயக்காய்த் தண்ணீரில் கிடத்தியிருந்தான். மேலே தெரிந்த பக்கம் வெறும் தகடு. ஒரு பூ இல்லை. நடுவில் மட்டும் தேய்ந்து பளபளத்தது. செல்வி முகம் வாடிவிட்டது.

"அடிப்பக்கத்தக் காட்டுங்க பெரியப்பா."

"ஏளா, புரட்டவா சொல்லுத? சந்தனம் போடுற முகம் இது. எங்க அய்யாவே புரட்டுனதில்ல."

"அப்ப அடியில எப்படிக் கழுவுதீய?"

"கையாலதான். பாத்ததில்ல, தடவியிருக்கேன்."

செல்வி நோட்டை விரித்தாள். "அப்ப தடவிச் சொல்லுங்க."

கலங்கிய தண்ணீருக்குள் கையை விட்டான். "இங்கன மூக்கு வளைஞ்சிருக்கு."

"கிளியா?"

"கிளிக்குக் கொம்பு உண்டாளா?"

"அப்ப யாளி."

"வாயிலேருந்து கொடி ஓடுது. எலயில நரம்புகூட இருக்கு. இங்கன ஒரு குழி. கல்லு விழுந்திருக்கும்."

வரைந்து முடித்துக் காட்டினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "இம்புட்டு வேலையையும் அடியில போட்டுட்டா ஊருக்கு மொட்டத் தகட்டக் காட்டுதோம்?" என்று உறையைப் புரட்டப் போனான். செல்வி நோட்டோடு எட்டிக் குனிந்தாள்.

நான்தான் கேட்டேன். "இந்தப் பக்கத்த ஆசாரி ஏம்ளா மொட்டையா விட்டான்?"

அவள் பென்சிலைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினாள். "இடுப்புல தொங்கும்போது வேலைப்பாடு ஊரப் பாக்கும். இது உடம்பப் பாக்கும். அதான் தேய்ஞ்சிருக்கு."

பேச்சிராஜா கை நின்றுவிட்டது. "அப்ப எங்க பாட்டன் இடுப்பு பட்ட எடம்" என்றான். உறையைப் புரட்டாமல் அப்படியே தூக்கித் துடைத்து, தேய்ந்த இடத்தில் முதல் சந்தனத்தை வைத்தான். செல்வி நோட்டை மூடிவிட்டாள்.

திரும்பும் வழியில், "அந்தக் குழியில என்ன கல்லு இருந்திருக்கும் தாத்தா? கெம்பா, முத்தா?" என்றாள்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன். எனக்கும் அதே யோசனைதான்.