ஞானசுந்தரி டீச்சரின் டிபன் பாக்ஸ்

போன வியாழக்கிழமை காலை, மயிலாடுதுறையிலிருந்து டீச்சரின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க அத்தை" என்றாள். எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்து, அறிவியல் நடத்திய ஞானசுந்தரி டீச்சரை உங்களில் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். வளைந்த விரல்களின் இடுக்கில் சாக்பீஸைச் செருகிக்கொண்டு அவர் வரைந்த இதயப்படம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

முதல் பஸ்ஸில் வருவதால் ஆசிரியர் அறையில்தான் அவருக்குக் காலை உணவு. டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க அவர் விரல்கள் ஒத்துழைக்காது. என் பக்கம் நகர்த்துவார்; திறந்து தருவேன். கூலி, ஒரு இட்லி.

ஒரு மார்கழிக் காலையில் என்னாலும் திறக்க முடியவில்லை.

"ஏன் டீச்சர், இட்லி அலுத்துப்போச்சா?" என்று சிரித்தவர், என் வீங்கிய விரல்களைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"வாயு டீச்சர். வீட்டுல முடக்கத்தான் தோசை ஊத்தித் தர்றாங்க. மத்தியானம் சரியாப் போயிடும்" என்றேன்.

"தோசையை நல்லாச் சாப்பிடுங்க. நானும் வாயு, வாயுன்னுதான் வருஷக்கணக்கா உக்காந்திருந்தேன்." தன் கையை என் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்.

"ஆத்துல வெள்ளம் வந்தா கரைக்குக் காவல் போடுறோம்ல? நம்ம ரத்தத்துல இருக்குற எதிர்ப்பு செல்லுங்க அந்தக் காவக்காரங்க மாதிரி. எனக்கு வந்திருக்குற முடக்குவாதத்துல வெள்ளமே இல்லாம, சொந்தக் கரையையே எதிரின்னு நினைச்சு வெட்டுறாங்க. துணைக்கு இன்னும் ஆளைக் கூப்பிடுறாங்க. மூட்டுக்குள்ள இருக்குற மெல்லிசு சவ்வு தடிச்சுப்போய் குருத்தெலும்பை அரிக்கும். அப்புறம் எலும்பு. அரிச்ச கரை திரும்ப வராது டீச்சர். அரிக்கறதுக்கு முன்னாடி தடுக்கலாம்."

அந்தச் சனிக்கிழமையே அவர் என்னைத் தஞ்சாவூருக்கு, மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போனார். முடக்குவாதம்தான் என்று தெரிந்தது. மருந்து மெதுவாகத்தான் பிடித்தது. வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். "காவக்காரன் தூங்குறான், அவ்வளவுதான். வீட்டுக்குப் போயிட்டான்னு யார் சொன்னா?" என்று அதட்டினார்.

பங்குனியில் ஒரு நாள் மூடி என் கையில் சட்டென்று திறந்தது. அன்று கூலி இரண்டு இட்லி.

நான் மயிலாடுதுறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, சவப்பெட்டியில் அவர் கைகளைக் கோத்துவைக்க முடியாமல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தார்கள். அந்தக் கையை என் கைக்குள் எடுத்துக்கொண்டேன். என் விரல்கள் சீராக மடங்கி அதை மூடின. அவர் எனக்கு விட்டுப்போனவை இந்த விரல்கள்தான்.