இன்திஸார் பூட்டிவைத்த வீடு

ஸர்கா நகரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தவ்ஜீஹி வருஷம் வந்துவிட்டால் அங்கே யாரும் விருந்தாளியாகப் போகமாட்டோம். பள்ளிப்படிப்பின் கடைசிப் பரீட்சை அது. எழுதுவது ஒரு பிள்ளை, ஆட்டிவைக்கப்படுவது வீடு முழுக்க. ஆனாலும் என் கீழ்வீட்டு இன்திஸாரைப் போல் வீட்டைப் பூட்டிவைத்தவளை நான் பார்த்ததில்லை. கூடப்பிறந்த தங்கையையே வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் பரீட்சை எழுதிய வருஷம் வீட்டில் அண்ணன் கல்யாணம். வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றி ஊற்றியே கணக்கில் கோட்டைவிட்டாள். பெற்றவர்கள் தன்னைக் காக்கவில்லை என்ற ஆத்திரம் அவளுக்கு அடங்கவே இல்லை. அதனால் ஒரே மகள் தாரீனிடம் ஓயாமல் சொல்வாள்: "எழுதுறது மட்டுந்தான் உன் வேலை. மத்ததெல்லாம் என் தலையில." ஆரஞ்சைக்கூட உரித்து வாயில் போடுவாள். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த ஜூனில், பரீட்சைகளுக்கு நடுவே, அவள் கணவர் முன்திருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லாரி ஓட்டுகிறவர். "பாபா அகபா துறைமுகத்துக்குச் சரக்கு ஏத்திட்டுப் போயிருக்காரு" என்று மகளிடம் சொல்லிவிட்டாள். முதலில் அவரும் ஒத்துக்கொண்டார். நான் பார்க்கப் போன சாயங்காலம் மனசு மாறியிருந்தார்.

"தாரீனைக் கூட்டிட்டு வா, இன்திஸார். ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"நாளைக்கு பிசிக்ஸ். அதோட முடிஞ்சுது. மத்தியானமே கூட்டிட்டு வரேன்."

"பரீட்சை எங்க ஓடிடப் போகுது?"

"நீங்க மட்டும் எங்க ஓடிடப் போறீங்க?"

அவர் சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்தது.

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "கூட்டிட்டு வந்துடுடி. மனுஷன் முகமே சரியில்ல."

"உனக்குப் பிள்ளை இருந்தா தெரியும்," என்றாள். சுருக்கென்றது.

விடிவதற்குள் முன்திர் இறந்துபோனார். இன்திஸார் வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, மகளுக்கு ரொட்டியில் எண்ணெயும் ஸாத்தர் பொடியும் தடவிக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பரீட்சைக்கு அனுப்பிவைத்தாள். வெயில் ஏறுமுன் அடக்கம் செய்துவிடலாம் என்று கொழுந்தன்மார் சொன்னார்கள். அவள் தடுக்கவில்லை. தாரீன் பரீட்சை முடிந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தொண்ணூற்று நாலு மார்க். முடிவு வந்த அன்று தெருவே ஹாரன் அடித்தது. நான் கனாஃபா இனிப்புத் தட்டோடு போனேன். தாரீன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கறுப்பு உடுப்பில் இருந்த இன்திஸார் தட்டை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மருத்துவமே கிடைச்சிடும்டி. பாபாவோட ஆசைதானே. ஒரு வாய் சாப்பிடு."

தாரீன் திரும்பாமலே பேசினாள்.

"பிசிக்ஸ் போயிருந்தா அடுத்த தடவ எழுதியிருப்பேன் யம்மா. பாபா முகத்த நான் எப்போ போய் பாக்கிறது?"

இன்திஸார் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மகள் அவளைத் தேற்ற எழுந்து வரவில்லை.