பல்செட்டும் சீஸ் பர்கரும்

தெருவில் எல்லோரும் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் பிடுங்கிப் போட்டதற்குப் பதிலாகப் பல்செட் செய்து கொடுப்பவர். டாக்டர் ஈறை அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசையை நிறுத்தி, வாயில் போட்டுப் பார்க்கத் திருப்பி அனுப்புவார். அது சரியென்று வந்த பிறகுதான் செட்டை முடிப்பார். முப்பது வருஷமாக இதே பிழைப்பு.

புது செட் வாங்கிப் போகிறவர்களுக்கு அவர் ஒரு பரீட்சை வைப்பார். "முச்சந்தியில ஒரு கடை இருக்கே, ஊரெல்லாம் கிளை போட்டிருக்காங்களே, அங்க போங்க. இருக்கிறதிலேயே விலை கம்மியான சீஸ் பர்கரை வாங்கிக் கடிங்க. பன் வெட்டுப்பட்டா முன்பல் பாஸ். கறி அரைபட்டா கடவாய்ப்பல் பாஸ். சீஸ் ஒட்டி இழுத்தும் செட் கழண்டு வரலைன்னா நான் பாஸ்." விலை கூடின பர்கர் ஆகாதா என்று யாராவது கேட்டால், அதெல்லாம் முதலை வாய்க்குத்தான் சரிப்படும் என்பார். இத்தனைக்கும் அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. எல்லாம் கேள்வி ஞானம்.

அப்பேர்ப்பட்டவருடைய மனைவிக்கே பல் போயிற்று. ஈறில் நோய் வந்து, ஆட்டம் கண்டதையெல்லாம் டாக்டர் எடுத்துவிட்டார். அவள் தையல் கடையில் வேலை பார்ப்பவள். அவள் சிரித்தால் மாடியில் குடியிருப்பவர்கள் என்ன விஷயம் என்று எட்டிப் பார்ப்பார்கள். பல் போன நாளிலிருந்து சிரிப்பு அடியோடு நின்றுபோனது. பேச வேண்டிவந்தால் கை தானாக வாய்க்குப் போனது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். ஈறு ஆற எட்டு மாதம். ஊரில் உள்ள பொக்கை வாய்களையெல்லாம் அச்சில் பார்த்த மனுஷனுக்குச் சொந்த மனைவியின் வாயைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அது அவரை வாட்டி எடுத்தது.

மெழுகு வரிசையைப் போட்டுப் பார்க்க வரச்சொல்லி டாக்டர் கூப்பிட்டபோதும் அவள் போகவில்லை. "முப்பத்திரண்டு வருஷமா பார்த்த வாய். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத அளவா டாக்டர்?" என்று போனிலேயே முடித்துவிட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் பல்லுக்காரர் வேலையை அப்படியே மூட்டைகட்டி வைத்திருப்பார். சொன்னது மனைவியாயிற்றே, உச்சி குளிர்ந்துபோனது. கல்யாண ஃபோட்டோவை எதிரே சாய்த்து வைத்து, நாலு நாள் மெனக்கெட்டு, முத்து முத்தாக நிறுத்தினார்.

செட் போட்டு ஒரு வாரமாகியும் அவள் கை வாயை விட்டு இறங்கவில்லை. சரி, பரீட்சை வைத்துவிடலாம் என்று அவளை அந்த முச்சந்திக் கடைக்குக் கிளப்பிக்கொண்டு போனார். மதியக் கூட்டம் கலைந்த நேரம். தூணுக்குப் பின்னால், சுவரைப் பார்த்த மேஜையாகத் தேடிப்பிடித்து உட்கார்ந்தாள். தட்டில் இரண்டு பொட்டலம் வந்தது. பிரித்தால், படத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. பன் இளஞ்சூடாக, மெத்தென்று இருந்தது. ஓரத்தில் சீஸ் உருகி வழிந்து காகிதத்தோடு ஒட்டியிருந்தது.

"நீங்க அந்தப் பக்கம் பாருங்க," என்றாள்.

அவர் விலைப்பலகை பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் போயிருக்கும். டக்கென்று ஒரு சத்தம். மேல் செட் கழன்று கீழ் செட்டில் விழும் சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும்.

"திரும்பட்டுமா?"

"வேணாம்."

அவர் விலைப்பலகையைப் பார்த்தபடியே பேசினார். "தப்பு என் மேலதான். அச்சுல உதடு இருக்காது. உதட்டைப் பார்க்காம முன்பல்லை நிறுத்தவே கூடாது. நான் பழைய ஃபோட்டோவைப் பார்த்து நிறுத்திட்டேன். இப்ப உதடு செட்டைத் தள்ளிவிடுது."

"டாக்டர்கிட்ட போட்டுப் பார்க்கப் போயிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப நீங்களாவது ஏங்க கூப்பிடலை?"

"நீ கதவைச் சாத்திக்கிட்ட. தட்ட மனசு வரலைம்மா."

பின்னால் காகிதம் மட்டும் சரசரத்தது.

"உங்ககிட்டதான் ரொம்பக் கூச்சமா இருந்துச்சு," என்றாள். "நாள் பூரா அழகழகா பல்லு செய்யறவர். அவர் முன்னாடி எப்படி இந்த வாயோட நிக்கிறதுன்னு." பிறகு, "திரும்புங்க," என்றாள்.

திரும்பினார். மேல் செட், கீழ் செட் இரண்டையும் கழற்றித் தாளில் சுற்றி ஓரமாக வைத்திருந்தாள். பர்கரைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஈறால் மென்றுகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், மேலுதடு உள்ளே மடிந்திருந்தது. கை மேஜை மேல் இருந்தது.

"பாருங்க. இதுதான் இப்ப இருக்கிற வாய்."

அவருக்குத் தொழில் புத்திதான் கைகொடுத்தது. "சிரிக்கிறப்போ உதடு எவ்வளவு ஏறுதுன்னு பார்க்கணும்," என்றார்.

"சும்மா உட்கார்ந்துக்கிட்டு எப்படிச் சிரிக்கிறது?"

அதுவும் நியாயம்தான். அவர் தன்னுடைய பர்கரை எடுத்து ஒரே கடியாகக் கடித்தார். ஊருக்கெல்லாம் கடிக்கச் சொல்லிக்கொடுத்தவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. சீஸும் கறியும் கீழ்ப்பக்கமாக நழுவி, சட்டைப் பைக்குள் போய் விழுந்தன. பன் மட்டும் வாயில் நின்றது.

அவள் சிரித்தாள். கடைசி மேஜை வரைக்கும் கேட்கிற மாதிரி, வாய்கொள்ளாமல் சிரித்தாள். கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"உதட்டைப் பார்த்துக்கிட்டீங்களா?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"இல்லம்மா," என்றார் பல்லுக்காரர். "கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஒண்ணும் தெரியலை. இன்னொரு தடவை சிரி."