வெறும் இலைதானே

என் களிம்பில் இருந்த இலைகள் எல்லாம் நல்ல இலைகள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்பைமேனி, வேப்பிலை, சீமை அகத்தி. கூடவே கஸ்தூரி மஞ்சள், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு. படூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால் யாரும் இன்னும் கட்டிடம் எழுப்பாத மனை ஒன்று இருக்கிறது. இரண்டு மழை பெய்தால் போதும், குப்பைமேனி அங்கே முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு பை நிறையப் பறித்து வருவேன். எனக்குக் கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சான்றிதழில் முத்திரை குத்துவது என் உத்தியோகம், மருத்துவம் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இலைகளை அரைத்து எண்ணெயில் போட்டு, சடசடப்பு அடங்கும்வரை சிறுதீயில் காய்ச்ச வேண்டும். ஈரம் போனதும் சத்தம் நின்றுவிடும். துணியில் வடிகட்டி, மெழுகைப் போட்டுக் கிண்டி, சின்ன டப்பாக்களில் ஊற்றி ஆற வைப்பேன். யூடியூபில் ஆரம்பித்த பொழுதுபோக்குதான். வேர்க்குரு, சேற்றுப்புண், சாதாரண அரிப்பு இதற்கெல்லாம் நன்றாகவே கேட்டது. முதலில் எங்கள் கட்டிடத்துப் பெண்கள் வாங்கினார்கள். பிறகு அவர்கள் வீட்டில் வேலை செய்பவர்கள், காவலாளிகள், அங்கிருந்து கோவளம் வரை போயிற்று.

கோவளத்திலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு இடுப்பில் படர்தாமரை. புடவை செருகும் இடத்தில் நாள் முழுக்க ஈரம். என் களிம்பை மூன்று வாரம் தடவினார். ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நாலு பேர் எதிரில் சொன்னார். "இன்னாக்கா மருந்து இது? நான் பூசிகினே கீறேன், அது பாட்டுக்குப் பரவிகினே கீது."

எனக்கு ரோஷம் அதிகம். அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போனேன். படர்தாமரைக்கு எல்லோரும் வாங்கிப் போகிற டியூப் ஒன்று உண்டு, சீட்டு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று அட்டைப் பெட்டியிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. படித்தேன். படிக்காமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. காய்ச்சி ஆறிய களிம்பில் அதைப் பிதுக்கிக் கலந்தேன். இலைதான் மருந்து, இது பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிடும் அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டே நாளில் மீன்கார அம்மாவுக்கு அரிப்பு நின்றுவிட்டது. ஒரு வாரத்தில் தடமே தெரியவில்லை. அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? கலந்ததற்குப் பச்சை மூடி, கலக்காததற்கு வெள்ளை மூடி என்று பிரித்து வைத்தேன். கொஞ்ச நாளில் வெள்ளை மூடியை யாரும் கேட்பதே இல்லை. கைராசிக்காரி என்று பெயர் எடுத்தேன். யாராவது இதில் என்னம்மா போடுகிறீர்கள் என்று கேட்டால், வெறும் இலைதானே என்பேன். சொல்லிச் சொல்லிப் பழகி, சொல்லும்போது கூசுவதும் நின்றுபோயிற்று.

என் தம்பி மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான். கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை. தம்பி மனைவிக்கு இரண்டு கரு கலைந்தது. மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்து தங்கியது. அவர்கள் வீட்டில் அந்தக் குழந்தை தும்மினால்கூட மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகள் கிடையாது. எனக்கு அவள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் மாதம், கோடையில், டயப்பர் கட்டும் இடமெல்லாம் சிவந்து தோல் உரிந்தது. வெள்ளை மூடி டப்பாவைக் கொடுத்தனுப்பினேன். நாலு நாள் ஆகியும் குறையவில்லை, பிள்ளை கத்துகிறாள் என்று தம்பி மனைவி போனில் அழுதாள். நேரில் போனேன். என் கையாலேயே பச்சை மூடியைத் திறந்து தடவினேன். இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்து என்றுதான் சொன்னேன். மறுவாரம் அவள் கூப்பிட்டு, பூப்போல ஆகிவிட்டது, ஒவ்வொரு தடவை டயப்பர் மாற்றும்போதும் கொஞ்சம் தடவிவிடட்டுமா, மறுபடி வராமல் இருக்குமே என்று கேட்டாள். பக்கத்தில் அவளுடைய அம்மா. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

"போடும்மா, வெறும் இலைதானே, இன்னா பண்ணிடும்" என்றேன்.

அதன்பிறகு டப்பா தீரத் தீர நானே நிரப்பிக் கொடுத்தேன். குழந்தை ஊதிக்கொண்டு வந்தாள். கன்னம் இரண்டும் உப்பிக் கண்ணை மேலே தள்ளியது. பார்த்தவர்கள் எல்லாம் கொழுகொழு என்று இருக்கிறாளே என்று தூக்கிக் கொஞ்சினார்கள். தாய்ப்பாலின் மகிமை என்றார்கள். தம்பி மனைவி கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நான் அந்த முகத்தைப் படமெடுத்து என் போனில் முகப்பில் வைத்துக்கொண்டேன். நெற்றியிலும் கன்னத்திலும் பூனை முடி அடர்ந்தபோது அப்பன் ஜாடை என்று சிரித்தார்கள். பயத்தமாவு தேய்த்தால் உதிர்ந்துவிடும் என்று நானே யோசனையும் சொன்னேன். அங்கன்வாடியில் அளந்து பார்த்துவிட்டு, எடை ஏறிக்கொண்டே போகிறது, நீளம் மட்டும் போன மாதம் இருந்த அதே அளவில் நிற்கிறது என்றார்களாம். நம் வீட்டில் யார்தான் நெட்டை என்று தம்பி மனைவி அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மீன்கார அம்மா ஒரு சனிக்கிழமை கூடை இல்லாமல் வந்தார். உள்ளே வா என்று கூப்பிட்டதற்கு வரவில்லை. வாசலிலேயே முந்தானையை விலக்கிக் காட்டினார். இடுப்பிலிருந்து முதுகுவரை படர்தாமரை ஏறியிருந்தது. தோல் மெலிந்து, வயிற்றில் செக்கச்செவேலென்று வரிவரியாகக் கோடுகள். களிம்பை விட்டால் ஒரே வாரத்தில் திரும்பி வருகிறது என்று மாதக்கணக்கில் விடாமல் தடவியிருக்கிறார். தோல் டாக்டரிடம் போனபோது, அவர் முதலில் இடுப்பைப் பார்க்கவில்லையாம், முகத்தைத்தான் பார்த்தாராம்.

"மூஞ்சி ஏன்மா இப்படி உப்பிக்கீதுன்னு கேட்டாரு. நீ இன்னா பூசுற, அதுல இன்னாவோ கலந்துகீதுன்னாரு. இன்னா கலந்தே, சொல்லு."

இலைதான் என்றேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டாமல் படியிறங்கிப் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு மணி பார்க்கப் போனை எடுத்தேன். முகப்பில் குழந்தையின் முகம். அதே உப்பிய கன்னங்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே தம்பிக்குப் போன் போட்டிருக்க வேண்டும். எண்ணைக்கூட எடுத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கடைசியில் எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன். பச்சை மூடி டப்பா ஒன்றில் கலக்காத களிம்பை ஊற்றினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். தம்பி மனைவி டீ போட உள்ளே போன நேரத்தில், அலமாரியில் இருந்ததை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, நான் கொண்டுபோனதை அதே இடத்தில் வைத்தேன். நிறமும் மணமும் ஒன்றுதான். யாருக்கும் தெரியாது. திரும்பும்போது கோவளத்தில் பஸ் மாற இறங்கியவள், பழைய டப்பாவைக் குப்பைத் தொட்டியில் வீசினேன். பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

அடுத்த ஒன்பது நாள் தினமும் போன் செய்து விசாரித்தேன். இரண்டு நாளாகப் பிள்ளை கொஞ்சம் சோர்வாக இருக்கிறாள் என்றார்கள். பிறகு பால் சரியாகக் குடிப்பதில்லை என்றார்கள். பல் முளைக்கும் நேரம், அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொன்னேன். பிறகு லேசான காய்ச்சல், இரண்டு வாந்தி. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காய்ச்சல் மருந்து கொடுத்தார்கள். பத்தாம் நாள் மத்தியானம் தம்பி அலுவலகத்துக்கே கூப்பிட்டான். குழந்தை துவண்டு போய்விட்டாள், கூப்பிட்டால் திரும்பவில்லை, செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றான். அவன் குரல் அவன் குரலாகவே இல்லை. திருப்போரூர் வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் ஏரியில் தண்ணீர் இருந்தது ஞாபகம் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சின்னக் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கை சில்லிட்டிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, காரணம்தான் பிடிபடவில்லை. பெண் டாக்டர், வயதில் என்னைவிடச் சின்னவர். குழந்தையின் கன்னத்தையும் நெற்றி முடியையும் உற்றுப் பார்த்தார். ஏதாவது களிம்பு தொடர்ந்து போட்டீர்களா, அதைத் திடீரென்று நிறுத்தினீர்களா என்று கேட்டார்.

"போடறோம் மேடம், எங்க அண்ணி செஞ்சது, வெறும் இலை" என்றாள் தம்பி மனைவி. "நிறுத்தலியே. இன்னிக்கிக் காலைலகூடப் போட்டேன்." பைக்குள் கைவிட்டுப் பச்சை மூடி டப்பாவை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் அதைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார், மூடி வைத்தார். களிம்பை நிறுத்தவில்லை என்றால் இது அதனால் வந்ததாக இருக்காது என்று பக்கத்தில் நின்ற நர்சிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வேறு ஏதோ பரிசோதனைக்கு எழுத ஆரம்பித்தார். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். அங்கே இருந்தவர்களில், நிறுத்தியாகிவிட்டது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. எழுதி முடித்துப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். அந்தக் குழந்தையைப் பார்த்து முடித்தார். அவ்வளவு நேரமும் நான் நின்றுகொண்டிருந்தேன். கலந்ததைக்கூட ரோஷத்தில் செய்தேன் என்று சொல்லலாம். இந்த ஐந்து நிமிஷத்துக்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

குழந்தையிடமிருந்து பூனைக்குட்டி முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் டாக்டரின் கையைப் பிடித்தேன். எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். டியூப்பின் பெயர், எவ்வளவு கலந்தேன், எத்தனை மாதம், எந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றி வைத்தேன் என்று ஒன்று விடாமல். தம்பி கட்டிலின் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் பாதியிலேயே நர்சைக் கூப்பிட்டு ஒரு ஊசி போடச் சொன்னார். சாயங்காலத்துக்குள் குழந்தை கண்ணைத் திறந்து பார்த்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு எங்கள் மூன்று பேரில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டாக்டர் மறுநாள் உட்கார வைத்து விளக்கினார். அந்த மருந்து மாதிரியான ஒன்றை உடம்பே சுரக்குமாம். வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு சுரப்பதை நிறுத்திவிடும். டயப்பருக்குள் தடவியது அத்தனையும் குழந்தையின் ரத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. அதைச் சட்டென்று நிறுத்திவிட்டால் சின்னக் காய்ச்சலைக்கூட உடம்பால் தாங்க முடியாது. அவர் என்னைத் திட்டவில்லை. "கலந்தது தப்புதாம்மா. ஆனா சொல்லாம நிறுத்தினீங்களே, அதுதான் இவளைக் கொண்டுபோயிருக்கும்" என்றார். இனி அதே மருந்தை அவர்களே அளவோடு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒரு வருஷம்வரை, என்ன காய்ச்சல் வந்தாலும், எந்த டாக்டரிடம் போனாலும், முதல் வேலையாக இந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

நான் ஊர் திரும்பியதும் கோணிப்பையோடு பச்சை மூடிகளைத் தேடி வீடு வீடாகப் போனேன். சட்டென்று விடாதீர்கள், டாக்டரிடம் காட்டிக் குறையுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். சிலர் என் முகத்தில் வீசினார்கள். சிலர் கொடுக்க மறுத்தார்கள். நன்றாகத்தானே கேட்கிறது, நீ ஏன் பயப்படுகிறாய் என்று எங்கள் காவலாளி டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

தம்பி என்னோடு பேசுவதில்லை. தம்பி மனைவி பேசினாள், ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, ஒரே ஒரு தடவை.

"டாக்டருங்க கேக்கும்போது நான் சொல்ல மாட்டேன், அண்ணி. எனக்கு வாய் வராது. நீ வா. எங்க போனாலும் நீயே வந்து சொல்லு."

அதிலிருந்து காய்ச்சல் வரும்போதெல்லாம் எனக்குப் போன் வரும். ஒரு வார்த்தைதான், காய்ச்சல் என்று. அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். இதுவரை நான்கு டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறேன். பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை.

போன வாரம் மாமல்லபுரத்திலேயே ஒரு கிளினிக். புது டாக்டர், பையன் மாதிரி இருந்தார். கன்னமெல்லாம் வற்றி, குழந்தை இப்போது மெலிந்து, தத்தித் தத்தி நடக்கிறாள். நாம் பேசுவது நிறையவே புரிய ஆரம்பித்திருக்கிறது. காய்ச்சலில் கண் சிவக்க அம்மாவின் மடியில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று நான் ஆரம்பித்ததும், டாக்டர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். நீங்கள் பாப்பாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

அத்தை என்றேன். குழந்தையும் "அத்த" என்று சொல்லி, தூக்கச் சொல்லி என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். நான் தூக்கிக்கொள்ளவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன்.