தங்கைக்கு மட்டும் தராத ரஸ்க்

பூதக்கண்ணாடி என்று அக்காவுக்குப் பேர் வைத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நான்தான் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அது இழுத்துவிட்ட வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தையல் ஆலையில் தயாராவது ஒன்றே ஒன்றுதான், மருத்துவமனைகளுக்கான வெள்ளைக் கோட்டு. ஒரு நாளைக்கு நானூறு. நான் கடைசி மேஜை. மடித்து, அட்டை வைத்து, உறையில் போட்டுப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. எனக்கு முந்தின மேஜை அக்காவுடையது; ஆலையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். லைன் சூப்பர்வைசர் அவள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அக்காவுக்கு அந்த விளக்கெண்ணெயே தேவையில்லை. காலர் மடிப்புக்குள் கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் எடுத்துத் தனியே போட்டுவிடுவாள். கறையை வைத்தவள் காலையில் என்ன தின்றுவிட்டு வந்தாள் என்பது உட்படச் சொல்வாள்.

"வெள்ளைத் துணி பொய் சொல்லாதுடி" என்பாள்.

அவளுடைய அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினாறு, தங்கைக்கு நாலு. அப்பா என்று ஒருவர் இருந்தார். இருந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா படிப்பை விட்டுவிட்டு இதே ஆலையில் நூல் பிசிறு வெட்டச் சேர்ந்தாள். விடியுமுன் எழுந்து சமைத்து, தங்கைக்கு ஊட்டி, தலை பின்னி, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு ஓட்டமாக ஓடி வருவாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் எல்லாம், "முதல்ல இவ தலையெடுக்கட்டும்" என்றாள். தங்கை தலையெடுத்தபோது அக்காவைக் கேட்டு யாரும் வரவில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தத் தங்கையை நாங்கள் சின்னவள் என்போம். படித்து முடித்து வேறு வேலை எதுவும் அமையாமல் எங்கள் லைனுக்கே காலர் தைக்க வந்தாள்.

அவள் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் எனக்கு மசக்கை. அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஹாலுக்குள் ஒரு பருக்கை வரக் கூடாது என்பது ஆலைச் சட்டம். பத்தரைக்குத் தேநீர், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி தேநீர். நடுவில் பசித்தால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கோ வயிறு காலியானால் குமட்டும். குமட்டுகிறதே என்று பட்டினி கிடந்தால் இன்னும் குமட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டால் சாப்பிட்டது அத்தனையும் வெளியே வரும். கிளினிக்கில் நர்ஸ் தெளிவாகச் சொன்னாள்: "வயித்தைக் காலியா விடாதீங்க. மூணு வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையா பிரிச்சுக்குங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சமா, எண்ணெய் காரமில்லாம. படுக்கையை விட்டு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே ஒரு ரஸ்க். தண்ணியைச் சாப்பாட்டோட குடிக்காம நடுநடுவுல வாய் வாயா குடிங்க."

வீட்டில் இருக்கிற மகராசிக்கு இது சரி. எட்டு மணிக்கு ஹாலுக்குள் போனால் பத்தரைக்குத்தான் வெளியே வர முடியும் என்கிறவள் என்ன செய்வாள்? கழிவறைக்குப் போய்ச் சாப்பிடலாமே என்று கேட்பவர்கள், குமட்டுகிறவளைக் கழிவறைக்குள் நிற்கவைத்துப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

நான் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளாக என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் ஒன்பது மணிக்கு ஹாலே அதிர ஒரு குரல்: "ஏய் பேக்கிங்! பட்டன் எண்ணணும், வா இங்க!"

ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நடுங்கிக்கொண்டு போனேன். மாடிப்படிக்குக் கீழே பட்டன் பெட்டிகள் வைக்கிற ஒரு சின்ன அறை உண்டு. உள்ளே ஒரு டப்பாவில் ரஸ்க், ஒரு வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர். "பாதிப் பழம் போதும். மெதுவா தின்னு. வாயைத் துடைச்சு, கையை ரெண்டுதரம் கழுவிட்டு வந்துதான் துணியைத் தொடணும்" என்று சொல்லிவிட்டு, வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். இரண்டரை மாதம் அப்படி நின்றாள். அந்த ஆலையில் அந்த இரண்டரை மாதம் எண்ணப்பட்ட மாதிரி பட்டன் எந்தக் காலத்திலும் எண்ணப்பட்டிருக்காது. எனக்குப் பிறகு இன்னும் இரண்டு பெண்களுக்கும் பட்டன் எண்ணினாள்.

இவ்வளவு செய்தவளைத்தான் நான் வாயால் கெடுத்தேன்.

சின்னவள் வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலர் மெஷின் அங்கேதான் இருந்தது, வேறு காரணம் இல்லை. எனக்கும் அது தெரியும். ஆனாலும் சாப்பாட்டு அறையில் பத்துப் பேர் சேர்ந்தால் என் நாக்கு அரிக்குமே. "நமக்கும் கூடப்பிறந்த பூதக்கண்ணாடி ஒண்ணு இருந்திருந்தா நாமளும் ஜன்னல் காத்து வாங்கியிருக்கலாம். என்ன செய்ய, எங்கம்மா எனக்கு அண்ணனை இல்ல பெத்து வச்சிருக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள்கூடச் சிரித்தாள். சிரிப்பு அடங்கித் திரும்பிப் பார்த்தால், வாசலில் டிபன் பாக்ஸோடு அக்கா.

அவள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் காலர் மெஷினை இரண்டு ஆள் வைத்துத் தூக்கி, தூண் ஓரம் இருட்டில் போடச் சொன்னாள்.

அன்றிலிருந்து தங்கைக்கு ஒரு சலுகையும் கிடையாது. சலுகை இல்லாவிட்டால் போகட்டும், மற்றவர்களுக்குக் கிடைப்பதும் கிடையாது. நாங்கள் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் முறைப்பாள். சின்னவள் வந்தால் எழுதிக்கொள்வாள். எங்கள் தையல் கோணினால் பிரித்துத் தைக்கச் சொல்வாள். சின்னவள் தையல் கோணினால் துணியை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டுவாள். இருபது வருஷம் நேர்மை என்று சேர்த்து வைத்த பேரை, ஒரு பேக்கிங்காரியின் நக்கல் ஒரே நொடியில் ஆட்டிவிட்டது. அந்தப் பேரைக் காப்பாற்ற அவள் தங்கையைக் கொண்டுபோய் முட்டுக் கொடுத்தாள். அப்போது எனக்கு இதெல்லாம் இவ்வளவு தெளிவாகப் புரியவில்லை. புரிந்தபோது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சின்னவளுக்கும் ஒரு பஸ் டிரைவருக்கும் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனுஷன். நாலைந்து மாதத்தில் அவளுக்கு மசக்கை. அதே சமயம் பார்த்து, அனுப்பின கோட்டுப் பெட்டி ஒன்று திரும்பி வந்தது. பிஸ்கட் தின்ற கையின் விரல் அடையாளம் நாலு கோட்டில். மேனேஜர் குதித்தார். ஹாலுக்குள் தின்கிறவளுக்கு மறுநாள் வேலை இல்லை என்றார். தினமும் காலையில் வாசலில் நின்று ஒவ்வொருத்தியின் ஏப்ரனையும் தடவிப் பார்த்து உள்ளே விடுகிற வேலை அக்காவுக்கு வந்தது.

ஒரு நாள் காலை, ஒன்பது மணி இருக்கும். சின்னவள் மெஷினை நிறுத்திவிட்டு அக்காவின் மேஜைக்கு வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, நர்ஸ் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஏதாவது வாயில போட்டுக்கச் சொன்னாங்க. ஒரே ஒரு ரஸ்க்தான். ஹால்ல வேணாம். வெளியில எங்கயாவது போய்த் தின்னுட்டு, கையைக் கழுவிட்டு வந்துடறேன்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் பார்த்தார்கள். அக்கா கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இடைவேளை பத்தரைக்கு. எல்லாருக்கும் அதேதான்."

"அக்கா..."

"போய் உட்காரு. பீஸ் தேங்குது."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது, நான் பார்த்தேன். கறையே இல்லாத கோட்டை எடுத்துத் தனியே போட்டாள். பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். 'எனக்குத் தந்தீங்களே அக்கா, அவளுக்கும் தாங்க' என்று நான் ஒரு வார்த்தை சொல்வேனா என்று பார்த்திருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. லைன் சார்பாக ஒருத்தி கேட்டிருந்தால் அது சலுகையாக இருந்திருக்காது. ஆனால் பழைய பட்டன் கணக்கு மேனேஜர் காதுக்குப் போனால் என் வேலை என்ன ஆகும் என்று எனக்குப் பயம். ஊர் வம்புக்கெல்லாம் முந்திக்கொண்டு திறக்கிற வாய், அன்று பசை போட்டு ஒட்டின மாதிரி மூடிக்கொண்டது. நான் குனிந்து கோட்டை மடித்தேன்.

இரண்டு நாள் கழித்து வாசல் சோதனையில் சின்னவளின் ஏப்ரன் ஓரத்தில், தையலைப் பிரித்து உள்ளே வைத்துத் திரும்பத் தைத்திருந்த ரஸ்க் துண்டு அகப்பட்டது. காலர் தைக்கிறவள் அல்லவா, தையல் வெளியே தெரியவே இல்லை. பூதக்கண்ணாடிக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் வரிசையில் நிற்க, கத்தரியால் பிரித்து எடுத்துத் தட்டில் போட்டாள். "இந்த ஒரு தடவை மேனேஜர்கிட்ட சொல்லல" என்றாள். சின்னவள் அக்காவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க அவள் பத்தரை மணிக்குச் சாப்பிட்டதெல்லாம் பதினோரு மணிக்கு வெளியே வந்தது. பிறகு தண்ணீரே நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மெஷின் மேலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் உடம்பில் தண்ணீரே இல்லை என்று சொல்லி ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சில பேருக்கு மசக்கை என்ன செய்தாலும் இப்படி முற்றும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதற வேண்டாம்.

மூன்றாம் நாள் அக்காவோடு நானும் போனேன். ரொட்டியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஓரத்தை நீக்கி, டப்பாவில் அடுக்கிக் கொண்டு வந்திருந்தாள். அவித்த உருளைக்கிழங்கு கொஞ்சம் தனியாக.

"சின்னவளே, ஒரு வாய்."

சின்னவள் கத்தவில்லை, அழவுமில்லை. "வேணாம்க்கா" என்றாள். பிறகு என்னைக் காட்டிச் சொன்னாள்: "இவங்களுக்கு நீ பட்டன் எண்ணின கதையை எல்லாம் வீட்ல வந்து நீதானே சொல்லிச் சொல்லிச் சிரிப்ப. அதை நம்பித்தான் அன்னிக்கு வந்து கேட்டேன். நான் மெஷினை விட்டு எழுந்திரிச்சதும் நீயே கூப்பிடுவேன்னு நெனச்சேன்."

அக்கா டப்பாவை மூடினாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்னவள் வேலைக்குத் திரும்பவில்லை. புருஷனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். பெண் குழந்தை பிறந்தது, நாலு வயசாகிறது. அக்காவின் மூக்கு, யாருடைய வாய் என்று தெரியவில்லை, ஓயாமல் பேசும். சண்டை என்று எதுவும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறாள், பிள்ளையை அக்கா மடியில் விடுகிறாள், ஊர்க்கதை எல்லாம் பேசுகிறாள். ஆனால் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. "சாப்பிட்டுட்டுதான் வந்தேன்க்கா" என்பாள், சிரித்த முகத்தோடு. காலை ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாலும் அதே பதில்தான்.

போன வருஷம் மனசு பொறுக்காமல் அக்காவிடம் போய், "அன்னிக்கு அந்த ஜன்னல் பேச்சைப் பேசினது நான்தான்" என்றேன்.

"தெரியும். உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்க்கா என்னை ஒண்ணும் சொல்லல?"

"நீ சிரிக்கறதுக்காகச் சொன்ன. நான்தான்டி பேருக்கு அலைஞ்சேன். அக்கா தங்கச்சின்னு பார்க்காதவள்னு நாலு பேர் சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லிட்டாங்க. வச்சுக்கிட்டு என்ன செய்யறது?"

என் மேல் பாவத்தைப் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அந்த உபகாரத்தை அவள் செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்திருந்தாள். மறுபடி மூன்று மாதம். அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தாள். காலை ஏழு மணியிலிருந்து அடுப்படியிலேயே நின்று, ஒரு வாயளவுக்கு ஒவ்வொன்றாய் ஆறு சின்னக் கிண்ணத்தில் வைத்து மூடியிருந்தாள். எதிலும் எண்ணெய் இல்லை, காரமில்லை, வாசனைகூட இல்லை. சின்னவள் ஒன்பது மணிக்கு வந்தாள், பதினொன்றரைக்குக் கிளம்பினாள். நடுவில் இரண்டு தடவை வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் வந்தாள். அக்கா ஒரு கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.

"சாப்பிட்டுட்டுதான் வந்தேன்க்கா. உடம்பைப் பார்த்துக்கோ."

அவள் போன பிறகு நாங்கள் ஜன்னலோரம் நின்றோம். எதிரே பஸ் நிறுத்தம். சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பையைத் திறந்தாள். ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, பிட்டு, அவசரமாக வாயில் போட்டாள். பிறகு இன்னொன்று. பாதியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தையும் தின்றாள். வெறும் வயிற்றோடு இரண்டரை மணி நேரம் எங்கள் எதிரில் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நான் அக்காவை உள்ளே இழுக்கப் பார்த்தேன். வரவில்லை.

"சாப்பிடறா பாரு" என்றாள். "சாப்பிடட்டும்." பஸ் வந்து அவர்கள் ஏறிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நாலு வயசுல அவளுக்குச் சோறு ஊட்டினவடி நான். என் வீட்டு வாசல் தாண்டினாத்தான் அவளுக்குத் தொண்டையில இறங்குது."