எனக்கு நானே அனுப்பிய பதிவுத் தபால்

வரக்காப்பொலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் மனிதவள உத்தியோகத்தராக இருக்கிறேன். அந்தப் பதவிப் பெயரோடு எனக்குக் கூடுதலாகக் கிடைத்தவை ஓர் இரும்பு அலுமாரியும் ஒரு தொழிற்சட்டப் புத்தகமும். புத்தகத்தை இரண்டு தடவை முழுதாகப் படித்தேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அதற்கு வெகு முன்பே உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். திகதியைப் போட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் கிழமைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மேல் பிரிவில் பால் வெட்டும் ஒரு பெண், ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கட்டங்கள் வெறுமையாகவே போய்க்கொண்டிருந்தன. விடுமுறைக் கடிதமும் இல்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ஏழு நாட்களுக்குள் திரும்பாவிட்டால் வேலையைக் கைவிட்டவராகக் கருதப்படுவீர்கள் என்று மூன்று மொழிகளில் ஓர் அறிவித்தல் தயாரித்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அது பதிவுத் தபாலில் போனது. அடுத்த திங்கட்கிழமை, பெற்றுக்கொண்டதற்கான அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. திகதி முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. கோப்பில் குத்தினேன். ஏழு நாள் கழிந்து எட்டாம் நாள், தோட்டத்தை நடத்தும் துரை பதிவேட்டிலிருந்து அவர் பெயரை வெட்டினார். எல்லாம் ஒழுங்காக நடந்த திருப்தியில் அன்றைக்கு இரண்டு தேநீர் குடித்ததாக நாட்குறிப்பு சொல்கிறது.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டிலிருந்து நேராக வந்து, அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"பெரட்டுக்குப் போனேங்க ஐயா. எனக்குப் பேர் இல்லேங்கிறாரு கங்காணி. இருபத்திரெண்டு வருஷமா இருந்த பேரு எங்க போச்சு?"

"அஞ்சு வாரமா நீங்க எங்க போனீங்க?"

"அரநாயக்கவுக்கு. மகளுக்குப் பிரசவம். முப்பத்தோராம் நாள் பிள்ளைக்குப் பேர் வச்சுட்டு நேரா வர்றேன். அங்க ஒரு பேர் வச்சா இங்க ஒரு பேர எடுத்துட்டீங்களே!"

"கடிதம் அனுப்பினோமே அம்மா."

"எந்தக் கடிதம்? நான்தான் பெரட்டுல சொல்லிட்டுப் போனேனே."

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதில் எந்தத் தோட்டமும் புதிதாகப் பெயர் பதியாது. வெட்டிய பெயர் வெட்டியபடியே இருந்தால், இருபத்திரண்டு வருடம் பால் வெட்டிய மரங்களிலேயே நாட்கூலிக்கு வெளியாளாக நிற்க வேண்டியதுதான். விசாரணை வேண்டும் என்று அவருடைய தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் கேட்டார். துரையும் சம்மதித்தார்.

வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. மேசைக்கு ஒரு பக்கம் துரையும் நானும், மறுபக்கம் தலைவரும் அந்த அம்மாவும். நான் கோப்பைத் திறந்து, கொஞ்சம் பெருமையாகவே அந்த அட்டையை எடுத்து வைத்தேன்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தூக்கிப் பார்த்தார். "திகதி சரி. இந்தக் கையெழுத்து யாரோடதுங்க?"

எட்டிப் பார்த்தேன். என்னுடையது.

எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் அது தோட்டத்துத் தபால் பையில் ஆபீசுக்கு வரும். பதிவுத் தபால்களுக்கு மொத்தமாக நான்தான் கையெழுத்திடுவேன். பிறகு அவை ஜன்னலோரத் தட்டில் கிடக்கும். அவரவர் வந்து எடுத்துக்கொள்வார்கள். நான் அனுப்பிய அறிவித்தல் பட்டணத்துத் தபால் நிலையம்வரை போய், முத்திரை வாங்கிக்கொண்டு, என்னிடமே திரும்பியிருக்கிறது. அட்டை வந்தபோது திகதியை மட்டும் படித்திருக்கிறேன். எழுந்து போய்த் தட்டைத் துழாவினேன். கம்பனி உறை, பிரிக்காமலே கிடந்தது.

"ஐயா கடிதம் போட்டிருக்கீங்க, ஐயாவே வாங்கியிருக்கீங்க, ஏழு நாளா பதிலும் போடல," என்றார் தலைவர். "அப்ப வேலையக் கைவிட்டது ஐயாதானே?"

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். துரை மட்டும் சிரிக்கவில்லை. முகவரி சரிதானே, கடிதமும் போயிருக்கிறதே, அனுப்பியது போதாதா என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். போதும் என்று நான் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பிழையும் கோப்புக்குள் அடங்கியிருக்கும்.

"போதாது சேர்," என்றேன். "ஆள் வராதது மட்டும் கைவிடுதல் ஆகாது. திரும்பி வரும் எண்ணம் இல்லை என்றும் காட்ட வேண்டும். கங்காணியைக் கேட்டுவிடுவோம்."

கங்காணி வந்து தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சொன்னுச்சுங்க தொரை. மக பிரசவத்துக்குப் போறேன், பேர் வச்சுட்டு வந்துருவேன்னு பெரட்டுல எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னுச்சு. நானும் போயிட்டு வான்னேன்."

"ஏன் ஆபீசுக்குச் சொல்லல?" என்றேன்.

"பெரட்டுல சொன்னா ஆபீசுக்குச் சொன்ன மாதிரித்தானுங்க. இத்தன வருஷம் அப்படித்தானே நடந்துச்சு? நீங்க அலுமாரி வாங்கினது எனக்கு எப்படித் தெரியும்?"

துரைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். பழைய திகதியிலிருந்து, சேவை முறியாமல் என்று நான் எழுதிக்கொண்டு போனேன், அவர் கையெழுத்திட்டார். இனிமேல் அறிவித்தல் எதுவானாலும் ஆளின் கையில் கொடுத்து, பெரட்டில் வாசித்தும் காட்ட வேண்டும் என்று அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். கங்காணியிடம் சொல்லும் விடுமுறையை அன்றே எழுதி வைக்க அவருக்கும் ஒரு கொப்பி கொடுத்தோம். அதை அவர் வாங்கிய முகத்தைப் பற்றி நாட்குறிப்பில் அரைப் பக்கம் இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடியும் முன்பிருந்தே மழை. மழையில் பால் வெட்டு இல்லை. பெரட்டுக் களத்துக்கு யாரும் வரமாட்டார்கள். சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். அந்த அம்மா குடையோடு தனியாக நின்றிருந்தார்.

"இன்னைக்கு வேல இல்லையே அம்மா."

"தெரியுங்க. நான் வந்தேன்னு எழுதுங்க."

எழுதினேன். ஆறு மணி ஐந்து நிமிடம். ஐந்தல்ல, ஏழு என்று தன் கைத்தொலைபேசியைக் காட்டினார். திருத்திக்கொண்டேன்.