பவர் ஹவுஸ் சங்கை நம்பிய மீராலெவ்வை

நம் பழைய பவர் ஹவுஸைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். நோன்புப் பொழுது போகட்டுமென்று இன்று பின்னேரம் அஸர் தொழுதபின் நானும் மீராலெவ்வையும் போனோம்.

எண்பதுகளில் நோன்பு துறக்கும் நேரத்துக்கு அங்கே மின்சாரச் சங்கு ஊதியவன் நான். மீராலெவ்வைக்கு இஞ்சின் அறையில் வேலை.

"உன்ட சங்கை ஆருடா நம்புவான்? பள்ளியில பாங்கு சொல்லட்டும்" என்று பேரீச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருப்பான்.

இன்று வானம் மழைக்கு இருண்டிருந்தது. கால் நோகிறதென்று அவன் நோன்பு துறக்கப் பள்ளியில் கொடுத்த கஞ்சியோடு வாசல் வாங்குப் பலகையிலேயே இருந்துவிட்டான்.

உள்ளே சுற்றிக்காட்டிய தம்பி சங்கின் பொத்தானைக் காட்டினார்.

"இது இப்ப ஊதாது மாமா."

"அமத்திராதீங்க தம்பி, நோன்பு மாசம்."

சிரித்துக்கொண்டே அமத்தினார். ஊரே அதிர்ந்தது.

ஓடிவந்து பார்த்தால் கோப்பையில் பாதிக் கஞ்சி இல்லை.

"மச்சான், பாங்குக்கு இன்னும் நேரமிருக்கு!"

"நீ உள்ளுக்க நிக்கிற எண்டுதானே நம்பிக் குடிச்சன்! இனி இந்தக் கழா நோன்பை ஆருடா பிடிக்கிற?"

அத்தனை வருசம் நான் ஊதியதை நம்பாதவன், நான் ஊதாததை நம்பிவிட்டான்.

சத்தம் பக்கத்து ஊர் நற்பிட்டிமுனை வரை போயிருக்கும். அதைக் கேட்டு வாய் நனைத்தவர்கள் கீழே கமெண்டில் கை தூக்குங்கள். பெருநாளுக்குப் பிறகு அந்த நோன்பைத் திருப்பிப் பிடிக்க மீராலெவ்வை துணைக்கு ஆள் தேடுகிறான்.